சேர்ந்து தொலைந்த இரண்டு கியர்கள்

அத்தியாயம் 6

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

அந்த ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்குக் கிடைத்த முதல் வரவேற்பு இது. இரண்டாவது வரவேற்பு ஒரு ஸ்பேனர். பறந்து வந்து என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து, தரையில் துள்ளி, ஆயில் டிரம்மில் மோதி நின்றது.

"கேட்டுல நின்னவங்களைக் கேக்கலாம்னுதான் பார்த்தோம். எல்லார் கையிலயும் கடப்பாரை இருந்துச்சு. சரி, உள்ள போய்க் கேட்டுக்கலாம்னு வந்துட்டோம்" என்றேன்.

"மாப்ள, வாயை வச்சுக்கிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் அத்தை, ஸ்பேனர் வந்த திசையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார முடியாமல் துப்பறியக் கிளம்பினார். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை, "சும்மாதானே இருக்காரு, கூட்டிட்டுப் போம்மா" என்று என் மனைவி அவரோடு அனுப்பி வைத்தாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சொல்லி வைத்தவர்கள் மருமகனைப் பற்றி யோசிக்கவே இல்லை. இந்தக் கூட்டணியில் குடமே நான்தான்.

ஸ்பேனரை எறிந்தவர் லாரி முதலாளி. தடித்த கழுத்து. கண்கள் சிவந்திருந்தன, அழுதா, ஆத்திரத்திலா என்று தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்து உறுமினார்.

"நீதான் இவங்களைக் கூட்டிட்டு வந்தியா?"

"நான்தான்" என்றாள் டிரைவரின் மனைவி. தையல் மெஷினை விட்டு அப்படியே எழுந்து வந்தவள். அளவு டேப் இன்னும் கழுத்தில் கிடந்தது. "என் புருஷனை டயர் ரூமுல போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்க. நான் வீட்டுல உக்காந்து பட்டன் தைக்கணுமா?"

விஷயம் இதுதான். முந்தின நாள் காலை, குன்றின் மேலிருக்கும் கல் குவாரியிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரி, அடிவாரத்து எடைமேடை ஷெட்டை இடித்து நொறுக்கியது. அங்கே இருந்த முதலாளியின் தம்பி நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கியர் விழவில்லை என்கிறான் டிரைவர். ஆனால் கியர் பெட்டியை இறக்கித் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு பல்கூட உடையவில்லை. போதாக்குறைக்குப் போன வாரம்தான் அந்தத் தம்பியும் டிரைவரும், அளவுக்கு மேல் லோடு ஏற்றுவது பற்றி, எல்லோர் முன்னாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முதலாளி இரண்டையும் கூட்டிப் பார்த்தார். நியூட்ரலில் விட்டு வேண்டுமென்றே ஏற்றினான் என்று விடை வந்தது. சாயங்காலம் போலீஸ் வருகிறது. தம்பி கண் விழிக்காமலே போய்விட்டால் அது கொலை வழக்கு. கேட்டில் கடப்பாரையோடு நின்ற குவாரி ஆட்களைப் பார்த்தால் போலீஸ் வரும்வரை பொறுப்பார்கள் என்றும் தோன்றவில்லை.

"பெட்டி திறந்து கிடக்கு. நல்லா இருக்கு. வந்த வழியே போங்க" என்றார் முதலாளி.

"நல்லா இருக்குன்னு உங்க ஆளு சொன்னா போலீஸ்ல நம்புவாங்களா?" என்றார் அத்தை. "வெளியாள் ஒருத்தி பார்த்துட்டு அதையே சொன்னா உங்களுக்குத்தானே பலம்?"

முதலாளி யோசித்தார். யோசிக்கும்போதும் முறைப்பதை நிறுத்தவில்லை.

"பார்த்துத் தொலைங்க. எதையும் தொடக் கூடாது."

"உங்களை நம்பி வந்திருக்கேன்" என்று டிரைவரின் மனைவி அத்தையின் காதருகே பல்லைக் கடித்தாள். "வழியெல்லாம் உங்க மருமகன் ஜோக்கு சொல்லிக்கிட்டே வந்தாரு. இவரை வச்சுக்கிட்டு என்ன கண்டுபிடிக்கப் போறீங்களோ."

எதிரிகள் ஒரு பக்கம் இருந்தால் சமாளிக்கலாம். எங்களுக்கு எல்லாப் பக்கமும் இருந்தார்கள்.

டயர் ரூமுக்கு ஒரே ஒரு கம்பி ஜன்னல். உள்ளே டிரைவர் பழைய டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. மனைவியைப் பார்த்ததும் எழுந்து ஜன்னலுக்கு வந்தான்.

"சாப்பிட்டியா?" என்றான்.

"அதை நான் கேக்கணும். இவங்க கேக்கறதுக்கு உண்மையைச் சொல்லு. பொய்னு தெரிஞ்சுது, நானே உன்னைப் போலீஸ்ல ஒப்படைச்சுடுவேன்."

"என்னப்பா நடந்துச்சு?" என்றார் அத்தை. "உனக்கு என்ன நல்லதுன்னு யோசிக்காம, நடந்ததை நடந்த மாதிரி சொல்லு."

"மேல சமதளத்துல அஞ்சாவதுல வந்தேம்மா. இறக்கம் வர்றதுக்கு முன்னாடி நாலாவதுக்கு இறக்கினேன். லீவர் போச்சு, கியர் விழலை. சரின்னு மூணு போட்டேன். அதுவும் அதே மாதிரி. லீவர் பாட்டுக்குப் போகுது, உள்ள ஆளே இல்லாத வீட்டுக் கதவைத் தள்ளின மாதிரி."

"சத்தம் வந்துச்சா?"

"சத்தமே இல்லை. அதான் எனக்குப் புரியலை. பல்லு உடைஞ்சிருந்தா கத்தியிருக்கும்ல?"

"ரெண்டாவது?"

"அந்த வேகத்துல ரெண்டு வாங்கலை, கறகறன்னு கத்துச்சு. வேற வழியில்லாம திரும்ப அஞ்சே போட்டேன். அது விழுந்துச்சு."

அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்தார். "அஞ்சு விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா. ஆனா கல்லு லோடை இறக்கத்துல அஞ்சாவது கியர் பிடிக்குமா? பிரேக் மேலயே நின்னேன். பாதி இறக்கத்துல அதுவும் சூடாகிக் கைவிட்டுடுச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, உள்ள போற ஆளு, எல்லா கியரும் போச்சுன்னு ஒரேயடியா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"போகலையே சார்" என்றான் அவன்.

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. எங்கள் குடும்பத்தில் அது கல்யாண வீட்டில்கூட வராது.

"சின்ன முதலாளி மேல ஏன் ஏத்தின?"

"நான் எங்கம்மா ஏத்தினேன்? ஹாரன்ல கை வச்சு எடுக்கவே இல்லை. எல்லாரும் ஒதுங்கி ஓடினாங்க. அவரு ஒருத்தர்தான் வண்டியைப் பார்த்து ஓடி வந்தாரு. கையில ஒரு மரக்கட்டை. சக்கரத்துக்குக் குறுக்கப் போட்டு நிறுத்தப் பார்த்தாருன்னு நினைக்கறேன்."  "எனக்கும் அவருக்கும் சண்டைதான். இல்லைன்னு சொல்லலை. அதுக்காக?"

கியர் பெட்டி, ரிப்பேர் ஷெட்டின் நடுவில் ஒரு இரும்பு மேஜை மேல் திறந்து கிடந்தது. பக்கத்தில், ரிப்பேர் வேலைகளைப் பார்க்கும் மேஸ்திரி காவல் நின்றார். மெலிந்த ஆள். ஒட்டிய கன்னம். ஆஸ்பத்திரியில் கிடக்கும் தம்பிக்கு இவர் மச்சான்; இவருடைய தங்கையைத்தான் அவர் கட்டியிருக்கிறார். அதனால் எங்கள் மேல் இவருக்கு இருந்த கோபத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"தூர நின்னு பாருங்க. கை வச்சா கை இருக்காது" என்றார்.

"எனக்கு இருக்கறதே ரெண்டு" என்று கைகளைப் பையில் விட்டுக்கொண்டேன்.

பெட்டிக்குள் சாமான்கள் டீசலில் கழுவப்பட்டுச் சுத்தமாக இருந்தன. எல்லாவற்றின் மேலும் சிவப்பாக ஒரு புள்ளி. பல்சக்கரம், ராடு, மூடி, போல்ட் என்று எதையும் விட்டதாகத் தெரியவில்லை.

"என்னங்க, பெட்டிக்கு நிச்சயதார்த்தமா? எல்லாருக்கும் பொட்டு வச்சிருக்கீங்க."

"நெயில் பாலிஷ்" என்றார் முதலாளி, கடுகடுவென்று. "எங்ககிட்ட அச்சா ஒரே மாதிரி ரெண்டு லாரி இருக்கு. இடிச்சது மூத்தவன். வெளிய நிக்கறது இளையவன். ரெண்டு பெட்டியையும் ஒரே நேரத்துல திறந்தா சாமான் மாறிடும். அதான் மூத்தவனுக்குச் சிவப்பு, இளையவனுக்கு நீலம். எந்தச் சாமான் எந்த வண்டிக்குள்ள போகுதோ, அந்த வண்டிக் கலரை வச்சுத்தான் உள்ள விடணும். எங்க ஷெட்டுச் சட்டம் அது."

"நல்ல சட்டம்" என்றார் அத்தை. அவர் குனிந்து, இரண்டு விரலை விரித்த கை போல இருந்த இரும்புத் துண்டுகளைப் பார்த்தார். பெட்டிக்குள் அப்படி மூன்று இருந்தன. "இதுதானே ஃபோர்க்? லீவரை ஆட்டினா ராடு நகரும், ராடோட ஃபோர்க் நகரும், ஃபோர்க் போய் கியரைத் தள்ளும். மூணாவதுக்கு எந்த ஃபோர்க்?"

மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரால் நடுவில் இருந்ததைச் சுட்டினார்.

"நாலாவதுக்கு?"

"அதேதான். மூணுக்கும் நாலுக்கும் ஒரே ஃபோர்க். இது தெரியாமத்தான் பெட்டியைப் பார்க்க வந்தீங்களா?"

"தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்" என்றார் அத்தை. "அப்ப இந்த ஃபோர்க்கை ராடோட பிடிச்சு வச்சிருக்கற போல்ட் கழண்டா, லீவர் பாட்டுக்குப் போகும், ஃபோர்க் இருந்த இடத்துலயே இருக்கும். மூணு, நாலு ரெண்டும் ஒண்ணா போகும். சத்தம் வராது. பல்லு உடையாது. ஒண்ணு, ரெண்டு, அஞ்சு எல்லாம் நல்லாவே இருக்கும். சரியா?"



"கழண்டாத்தானே?" என்றார் மேஸ்திரி. "கண்ணு நல்லா இருந்தா பாருங்க. போல்ட் தலையில ஓட்டை போட்டு, கம்பி கோத்து முறுக்கிக் கட்டியிருக்கு. உலகம் புரண்டாலும் கழலாது."

உண்மைதான். மூன்று ஃபோர்க்கிலும் போல்ட் இருந்தது. மூன்றிலும் கம்பி முறுக்கியிருந்தது. 

"கட்டியிருக்கு" என்று அத்தை ஒப்புக்கொண்டார். "ஆனா ரெண்டு கம்பி கறுத்துப் போயிருக்கு. நடுவுல இருக்கறது மட்டும் பளபளன்னு இருக்கே?"

"போன வாரம் மூணாவது கியர் போட்டா நிக்காம எகிறுதுன்னு பெட்டியைத் திறந்தோம். அப்பக் கட்டினது."

"ஒரு வாரம் ஆயில்ல ஓடின கம்பியா இது? சரி, போகட்டும். இந்த நடு போல்ட்டுக்கு மட்டும் ஏன் பொட்டு இல்லை?"

"ஆயில்ல அழிஞ்சிருக்கும்."

"கூட இருக்கறதெல்லாம் அதே ஆயில்ல குளிச்சதுதானே? அதுங்களுக்கு அழியலையே. அதோட, தலையில அரத்தால தேய்ச்ச கோடு தெரியுது."

மேஸ்திரி ஒரு கந்தல் துணியை எடுத்துப் பெட்டியின் மேல் வீசி மூடினார். "வேடிக்கை முடிஞ்சுது. கிளம்புங்க."

"ஒரு போல்ட்டுல பொட்டு இல்லைன்னு, என் தம்பியைக் கொன்னவனை விட்டுடச் சொல்றியா?" முதலாளி அத்தையை நெருங்கி வந்தார். மரியாதை போய்விட்டது.

"உங்க தம்பி உயிரோட இருக்காரு. நீங்களே அவரைச் சாகடிக்காதீங்க" என்றார் அத்தை.

அந்த வார்த்தை அவரை நிறுத்தியது. அடிக்க ஓங்கிய கை அப்படியே முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கியது.

நாங்கள் வெளியே முற்றத்துக்கு வந்தோம். துரத்தப்பட்டோம் என்பதுதான் சரி. அங்கே தகரக் கூரையின் நிழலில் இளையவன் நின்றிருந்தது. கழுவித் துடைத்த லாரி. டயரெல்லாம் புதுசு.

"மாப்ள, ஒரு வண்டி நொறுங்கிப் போச்சு. குவாரியில லோடு குவிஞ்சு கிடக்கு. இருக்கற ஒரே நல்ல வண்டியை யாராவது நிழல்ல நிறுத்தி வைப்பாங்களா?"

கூரையடியில் உட்கார்ந்திருந்த ஒரு கிளீனரைக் கேட்டேன். "கிளட்ச் ரிப்பேர். நேத்து ராத்திரி மேஸ்திரி சொன்னாரு. யாரும் எடுக்கக் கூடாதுன்னாரு" என்று சொல்லிவிட்டுத் துப்பினான். நல்லவேளை, தரையில்தான்.

"ஏறிக் கிளட்சை மிதிச்சுப் பாருங்க" என்றார் அத்தை.

"அத்தை, எனக்கு ஸ்கூட்டரே சரியா ஓட்ட வராது."

"நான் ஓட்டச் சொல்லலை. கால் இருக்குல்ல? மிதிங்க."

மருமகனை மரியாதையாகக் கொலை செய்ய ஒரு மாமியாரால்தான் முடியும். ஏறினேன். சாவி அதிலேயே இருந்தது. திருப்பினேன், எஞ்சின் உறுமியது. கிளட்சை மிதித்து ஒன்றாவது கியர் போட்டேன், சத்தமில்லாமல் விழுந்தது. காலை எடுத்தேன், வண்டி முன்னால் பாய்ந்தது. அலறிக்கொண்டு மிதித்தேன், நின்றது. கிளட்சுக்கு ஒரு நோயும் இல்லை. இதயம்தான் எனக்கு வாய்க்கு வந்திருந்தது.

அடுத்த நொடி யாரோ என் காலரைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். மேஸ்திரி. முகம் வெளிறியிருந்தது.

"யாருடா உன்னை இதைத் தொடச் சொன்னது?"

சத்தம் கேட்டு முதலாளியும் வந்தார். கேட்டில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அத்தை நேராக முதலாளியிடம் போனார்.

"கிளட்ச் ரிப்பேர்னு உங்களுக்கும் சொன்னாங்களா? என் மருமகன் காலுக்கே அது தெரியலை."

முதலாளி மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். "என்னய்யா இது?"

"கொஞ்சம் வழுக்குது முதலாளி. லோடு ஏத்தினாத்தான் தெரியும்."

"அதை விடுங்க" என்றார் அத்தை, குரலைச் சட்டென்று மாற்றி. "நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டேன். பெட்டியில ஒரு கோளாறும் இல்லை. போலீஸ்கிட்ட நானே சொல்றேன், டிரைவர் வேணும்னேதான் விட்டான்னு."

 டிரைவரின் மனைவி வெடித்தாள்.

"அடிப்பாவி! உன்னை நம்பிக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்! எவ்வளவுக்கு விலை போன?"

 பார்த்தது ஒன்று, சொல்வது ஒன்றாக அத்தை நடந்து நான் பார்த்ததில்லை.

அத்தை அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு குறைதான். அந்த இறக்கத்துல மூணாவது கியர் போட்டா வண்டி நிக்கும்னு யாராவது ஓட்டிக் காட்டணும். மூத்தவன் நொறுங்கிடுச்சு. இளையவன் அதே வண்டிதானே? நீங்களே ஒரு தடவை லோடோட இறக்கிக் காட்டிட்டா, அப்புறம் டிரைவர் வாயே திறக்க முடியாது."

"இவ்வளவுதானே?" முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் ஓட்டாத லாரியா? கேட்டைத் திறங்கடா!"

"வேணாம் முதலாளி. நான் ஓட்டறேன்" என்றார் மேஸ்திரி.

"தள்ளு."

"கிளட்ச் சரியில்லை, சொன்னாக் கேளுங்க."

"தள்ளுய்யா!"

அவர் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். இளையவன் உறுமிக்கொண்டு நிழலை விட்டு வெளியே வந்தது. கேட்டில் நின்ற கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. நாங்கள் எல்லோரும் லாரியைப் பார்த்தோம். அத்தை மட்டும் மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி நின்றார். ஒரு எட்டு எடுத்து வைத்தார், திரும்ப நின்றார். ஸ்க்ரூ டிரைவர் கையிலிருந்து விழுந்தது. பிறகு அவர் ஓடினார். அந்த ஒல்லி உடம்புக்குள் அவ்வளவு வேகம் இருந்தது யாருக்கும் தெரியாது. லாரி கேட்டைத் தாண்டுவதற்குள் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பிரேக் கிறீச்சிட்டது. பம்பர் அவருடைய சட்டையைத் தொட்டு நின்றது.

"இறங்குங்க முதலாளி! அந்த போல்ட் இதுலதான் இருக்கு! எப்பக் கழண்டு விழும்னு தெரியாது, இறங்குங்க!"

முதலாளி எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்தார். "எந்த போல்ட்?"

மேஸ்திரி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பேச ஆரம்பித்தபோது அது முதலாளிக்கு மட்டும் கேட்கிற குரலாக இருந்தது. நாங்கள் கிட்டப் போய்க் கேட்டோம்.

"போன வாரம் மூத்தவன் பெட்டி திறந்து கிடந்துச்சுல்ல. அன்னிக்கு நான் வரலை, உங்க தம்பிதான், மச்சான்தான், ஷெட்டைப் பார்த்துக்கிட்டாரு. இளையவன்ல ஃபோர்க் போல்ட் உடைஞ்சு வந்து நின்னிருக்கு. லோடு அவசரம். மச்சான் மூத்தவன்லேர்ந்து போல்ட்டைக் கழட்டி, நீலம் வச்சு, இளையவன்ல போட்டு அனுப்பிட்டாரு. புதுசு வந்ததும் மாத்திக்கலாம்னு, கையில கிடைச்ச ஒரு போல்ட்டை மூத்தவன்ல போட்டு வச்சிருக்காரு. அதுல கம்பி கட்ட ஓட்டை கிடையாது. என்கிட்டச் சொல்ல மறந்துட்டாரு. மறுநாள் வந்து, அவர் கைதானேன்னு நானும் உள்ள பார்க்காம மூடிட்டேன்."

"நேத்து திறந்தப்ப?"

"ஆயிலுக்கு அடியில கிடந்துச்சு. பார்த்ததும் புரிஞ்சு போச்சு. ராத்திரியே நல்ல போல்ட்டை இளையவன்லேர்ந்து எடுத்து, நீலத்தைத் தேய்ச்சு, மூத்தவன்ல போட்டேன். அந்த ஓட்டையில்லாததை இதுல போட்டேன். யாரும் எடுக்கக் கூடாதுன்னு கிளட்ச் மேல பழியைப் போட்டேன்."

"அதுக்குச் சிவப்பு வச்சிருந்தா தப்பிச்சிருப்பீங்களே" என்றேன். எனக்கு நேரம் காலம் தெரியாது.

"வைக்கத்தான் போனேன். முடியலை. பொய்யா ஒரு பொட்டு இதுவரைக்கும் நான் வச்சதில்லை."

"என் புருஷன் உள்ள போனாப் பரவாயில்லையா உனக்கு?" என்றாள் டிரைவரின் மனைவி. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கேட்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என் தங்கச்சி ஆஸ்பத்திரி வாசல்ல தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருக்காம்மா. அவ புருஷன் பிழைச்சு வந்தா, தன் கையாலேயே தனக்குக் குழி வெட்டிக்கிட்டவன்னு ஊரு சிரிக்கும். அது அவளுக்குத் தெரியவே வேணாம்னு நினைச்சேன். வேற எதையும் யோசிக்கலை."

"சின்னவருக்கு அந்த நேரத்துல போல்ட் ஞாபகம் வந்திருக்கு" என்றார் அத்தை. "ஹாரன் சத்தம் கேட்டு எல்லாரும் ஒதுங்கி ஓடினாங்க. அவர் மட்டும் கட்டையை எடுத்துக்கிட்டு வண்டிக்கு எதிரா ஓடியிருக்காரு. அந்த வண்டியில என்ன இல்லைங்கறது அங்க அவருக்கு மட்டும்தான் தெரியும்."

முதலாளியின் முகத்தை அப்போது நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"உங்க டிரைவர் பொய் சொல்றவனா இருந்தா, எல்லா கியரும் போச்சுன்னு சொல்லியிருப்பான். என் மருமகனே அப்படித்தான் சொல்லியிருப்பாரு. சரியா ஜோடியா ரெண்டு கியர் போச்சு, அஞ்சு நல்லா விழுந்துச்சுன்னு தன் கழுத்துக்குத் தானே கயிறு போட்டுக்க மாட்டான். மேஸ்திரி மேல சந்தேகம் இருந்துச்சு, ஆனா அதை எப்படி நிரூபிக்கறது? உங்களை வண்டியில ஏத்தினேன். மன்னிச்சுடுங்க."

"அவர் ஓடி வராம இருந்திருந்தா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"நான் ஓடியிருப்பேன் மாப்ள. முட்டி வலியோட."

முதலாளி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து டிரைவரின் மனைவியிடம் நீட்டினார். கேட்டைப் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினார்.

"டயர் ரூம் சாவி. கூட்டிட்டுப் போ. பின்பக்கம் ஒரு வழி இருக்கு. போலீஸ்ல நான் பேசிக்கறேன். இங்க கேட்டது இங்கயே இருக்கட்டும்."

அவள் சாவியை வாங்கவில்லை.

"பின்பக்கமாவா? நேத்து எந்தப் பக்கம் நின்னு அவரைக் கொலைகாரன்னு கத்தினீங்க? இதோ இந்த கேட்டுலதானே? அவங்கெல்லாம் கடப்பாரையோட இன்னும் நிக்கறாங்க. முதல்ல அவங்ககிட்டச் சொல்லுங்க. அப்புறம் கதவைத் திறக்கலாம்."

டயர் ரூம் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "முதல்ல திறடி! உள்ள ரப்பர் நாத்தம் தாங்கலை!"

"நீ சும்மா இரு!" என்று அவள் திரும்பாமலே அடக்கினாள்.

முதலாளி கேட்டுக்கு நடந்தார். கொஞ்ச தூரம்தான், அவருக்கு நெடுந்தூரமாக இருந்தது. 

"டிரைவர் மேல தப்பில்லை" என்றார். "கியர் நிஜமாவே விழலை. இங்க போட்ட போல்ட் தப்பு."

"எந்தப் பாவி போட்டான்?" கூட்டத்தில் ஒருவன் கடப்பாரையைத் தூக்கினான். "சொல்லுங்க முதலாளி. சின்னவரைப் படுக்க வச்சவன் யாரு?"

முதலாளி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். 

"நான்தான்" என்று மேஸ்திரி எழுந்து நின்றார். "நான்தான் போட்டேன்."

கூட்டம் ஒரே மூச்சாக உள்ளே வந்தது. முதல் கை மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தபோது, முதலாளி நடுவில் புகுந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். மேஸ்திரியைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

"அவன் இல்லை! பொய் சொல்றான். என் தம்பிதான் போட்டான். என் தம்பியே போட்டுட்டு மறந்துட்டான்."

கடப்பாரைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

டிரைவரின் மனைவி அவர் கையிலிருந்த சாவியை இப்போது வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்தாள். டிரைவர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தான். நடந்ததை மனைவி ஒரே மூச்சில் சொன்னாள். அவன் கேட்டான். சந்தோஷப்படுவான் என்று பார்த்தேன்.

"சின்னவர் கண்ணு முழிச்சுட்டாரா?" என்று முதலாளியைக் கேட்டான்.

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"முழிச்சதும், வண்டிக்கு என்ன ஆச்சுன்னுதான் முதல்ல கேப்பாரு. யாரு சொல்றது?"

 மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். 

"நான் சொல்றேன்" என்றாள் டிரைவரின் மனைவி. "எந்த ஆஸ்பத்திரி?"

"வேணாம்மா" என்றார் முதலாளி. அவர் அவளை 'அம்மா' என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. "அண்ணன் நான் இருக்கேன். நானே சொல்லிக்கறேன்."

அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, சுருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சொல்லுங்க. நான் பக்கத்துலயே நின்னு கேக்கறேன்."